பவர்பாயின்ட் மேக்ரோ கையை விரிக்கும் இடங்களில் என்ன செய்வது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எக்செல்லில் நாலு மேக்ரோ (ஒரு வேலையைத் தானாகச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதிப் பழகியவர் பவர்பாயின்ட்டுக்கு வந்ததும் முதலில் தேடுவது ரெக்கார்டு பொத்தானை. அது அங்கே இல்லை. பவர்பாயின்ட் 97 முதல் 2003 வரை இருந்தது. 2007 பதிப்பில் எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு திரும்பி வரவில்லை. சரி, கையாலேயே எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அடுத்தடுத்து சுவர்கள். ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும் மேக்ரோ கிடையாது. முப்பது வினாடி கழித்து இதைச் செய் என்று சொல்லும் ஆன்டைம் கட்டளை கிடையாது. எழுதும் பெட்டியில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகள்தான் விழுகின்றன.

இங்கேயே பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றைத்தான்: மேக்ரோவுக்கு வராத வேலையை ஸ்லைடிடம் கொடுங்கள். நேரம் பார்ப்பது, நினைவில் வைப்பது, தமிழைச் சுமப்பது ஆகிய மூன்றையும் ஸ்லைடு நன்றாகவே செய்யும். மேக்ரோ நடுவில் சின்னச் சின்ன கணக்கு வேலையை மட்டும் பார்த்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வினாடி வினாவை எடுத்துக்கொள்வோம். பத்துக் கேள்விகள், கேள்விக்கு முப்பது வினாடி, சொடுக்கினால் விடை, கூடவே மதிப்பெண். பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பவர்பாயின்ட் மேக்ரோவின் குறைகளில் முக்கால்வாசி இந்த ஒரே வேலையில் எதிர்ப்பட்டுவிடும்.

முதலில் மேசையைத் தயார் செய்யுங்கள்

விண்டோஸ் கணினியில் நிறுவிய பவர்பாயின்ட் வேண்டும். பிரவுசரில் திறக்கும் பவர்பாயின்ட்டிலும் கைப்பேசியிலும் மேக்ரோ ஓடாது. மேக்கில் ஓடும், ஆனால் அங்கே ஆக்டிவ்எக்ஸ் (ஸ்லைடில் பொருத்தும் விண்டோஸ் பொத்தான், பெட்டி வகை) கிடையாது, விண்டோஸின் உள் கட்டளைகளையும் கூப்பிட முடியாது.

ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் டெவலப்பர் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். மேலே புதிதாக ஒரு டேப் வரும். எடிட்டரைத் திறக்க ஆல்ட்டுடன் எஃப்11. அங்கே இன்சர்ட் மெனுவில் மாட்யூல் என்பதைச் சேருங்கள். எழுதப்போவதெல்லாம் அதற்குள்தான்.

ஒரு வரிகூட எழுதும் முன்னால் ஃபைலை பிபிடிஎம் வகையில் சேமியுங்கள். வழக்கமான பிபிடிஎக்ஸ் மேக்ரோவை வைத்துக்கொள்ளாது. சேமிக்கும்போது ஒரு எச்சரிக்கை வரும். அவசரத்தில் அதற்கு யெஸ் சொல்லிவிட்டால், ஃபைலை மூடித் திறக்கும்போது இரண்டு மணி நேர உழைப்பு காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் தட்டுங்கள், எல்லாவற்றையும் சின்ன எழுத்தில். வரி முடிந்து என்டர் அடித்ததும் எடிட்டர் தனக்குத் தெரிந்த சொற்களுக்குத் தானே பெரிய எழுத்து போடும். அப்படி மாறாத சொல்லில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சொல்லில் கன்ட்ரோலுடன் ஸ்பேஸ் அழுத்தினால் மீதியையும் அதுவே காட்டும்.

ரெக்கார்டர் இல்லாமல் கட்டளையைக் கண்டுபிடிப்பது

ரெக்கார்டர் இருந்தால் நாம் செய்வதைப் பார்த்து அதுவே கட்டளையை எழுதித் தரும். அது இல்லாத இடத்தில் எக்செல்லைக் கடன் வாங்கலாம். எக்செல் 2010 முதல் அதன் ரெக்கார்டர் வடிவங்களில் செய்யும் மாற்றங்களையும் பதிவு செய்கிறது. எக்செல்லில் ஒரு செவ்வகம் வரைந்து, ரெக்கார்டைத் தொடங்கி, நிறத்தையும் ஓரக்கோட்டையும் மாற்றி நிறுத்துங்கள். கிடைக்கும் வரிகளில் ஃபில், லைன், ஃபோர்கலர் போன்ற சொற்கள் இருக்கும். அவை ஆபீஸ் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொது. முன்னால் நிற்கும் ஷீட் சம்பந்தப்பட்ட பகுதியை வெட்டிவிட்டு ஸ்லைடையும் ஷேப்பையும் குறிக்கும் பகுதியை வைத்தால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும்.

சில வேலைகளுக்கு மேக்ரோ கட்டளையே இருக்காது, ரிப்பனில் பொத்தான் மட்டும் இருக்கும். அதற்கு எக்ஸிக்யூட்எம்எஸ்ஓ என்ற கட்டளை உண்டு. ரிப்பன் பொத்தானின் உள் பெயரைக் கொடுத்தால் நாமே அழுத்தியதுபோல் அழுத்தும். அந்தப் பெயர் எங்கே கிடைக்கும்? கஸ்டமைஸ் ரிப்பன் பட்டியலில் அந்தக் கட்டளையின் மேல் மவுஸை நிறுத்தினால் வரும் குறிப்பில், கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பொத்தானை அழுத்திய வேலை முடியும் வரை மேக்ரோ காத்திருக்காது, அடுத்த வரிக்கு ஓடிவிடும். இடையில் டூஈவென்ட்ஸ் என்று ஒரு வரி போட்டால் பவர்பாயின்ட்டுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மேக்ரோவில் எல்லா அளவும் பாயின்ட்டில்தான், ஓர் அங்குலத்துக்கு 72. இப்போது வழக்கத்தில் உள்ள அகல ஸ்லைடு 960க்கு 540, பழைய சதுரவாக்கு ஸ்லைடு 720க்கு 540. எண்ணை நேராக எழுதாமல் பேஜ்செட்அப்பிலிருந்து ஸ்லைடு அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் இரண்டிலும் சரியாக வரும்.

பெயர் வைப்பதும் ஒரே மேக்ரோவில் நாற்பது பொத்தானும்

முதல் கேள்வி ஸ்லைடைச் செய்யுங்கள். மேலே கேள்வி, கீழே நான்கு செவ்வகங்களில் நான்கு விடைகள். அதற்கடுத்து ஒரு விடை ஸ்லைடு: சரியான விடை, ஒரு வரி விளக்கம், மூலையில் மதிப்பெண். கேள்வி, விடை, கேள்வி, விடை என்று இரண்டிரண்டாகப் போகும் இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நேரப் பிரச்சினையைத் தீர்ப்பது இதுதான்.

ஆல்ட்டுடன் எஃப்10 அழுத்தினால் வலப்பக்கம் செலக்‌ஷன் பேன் திறக்கும். ஸ்லைடில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பெயர் இருக்கும். செவ்வகம் 7, செவ்வகம் 12 என்று அதுவாக வைத்த பெயர்களை நம்பி மேக்ரோ எழுதாதீர்கள். பெயரின் மேல் இரண்டு முறை சொடுக்கி நீங்களே மாற்றுங்கள். சரியான விடைக்கு சரி, மற்ற மூன்றுக்கும் தவறு1, தவறு2, தவறு3, மதிப்பெண் பெட்டிக்கு மார்க். இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பேன் ஏற்றுக்கொள்ளும், எடிட்டரால் ஒப்பிட முடியாது.

விடை எது என்பதை வடிவத்தின் மாற்று உரையில் ஒளித்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. மேக்ரோவுக்கு அது வசதிதான், ஆனால் செய்யாதீர்கள். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டும் இடம் அது. அங்கே விடையை எழுதி வைத்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வினாடி வினா கெட்டுப்போகும்.

இனி மேக்ரோ. ஸ்லைடு ஷோ ஓடும்போது செலக்‌ஷன் என்பது கிடையாது. எதைச் சொடுக்கினார்கள் என்று ஆக்டிவ்விண்டோவிடம் கேட்டால் பிழைதான் வரும். புதியவர்கள் இதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனி மேக்ரோ எழுதுவார்கள். தேவையில்லை. மேக்ரோவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஷேப் வகையில் ஒரு மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயர்) மட்டும் வையுங்கள். சொடுக்கப்பட்ட வடிவத்தைப் பவர்பாயின்ட் தானாக அதில் போட்டு அனுப்பும். அந்த வடிவத்தின் நேம் அதன் பெயரைச் சொல்லும், பேரன்ட் அது இருக்கும் ஸ்லைடைச் சொல்லும். இந்த இரண்டும் தெரிந்தால் நாற்பது பொத்தானுக்கும் ஒரே மேக்ரோ போதும்.

மேக்ரோவை பொத்தானோடு இணைக்க: செவ்வகத்தைத் தேர்ந்தெடுத்து இன்சர்ட் டேபில் ஆக்‌ஷன் என்பதைத் திறந்து, ரன் மேக்ரோவில் பெயரைத் தேர்ந்தெடுங்கள். நான்கு செவ்வகத்துக்கும் செய்தபின் அந்த இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்பது முறை நகலெடுங்கள். பெயர்களும் இணைப்பும் நகலோடு வந்துவிடும். கேள்வியையும் விடையையும் மாற்றி எழுதுவது மட்டும்தான் மீதி. சரியான விடை எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் பிள்ளைகள் மூன்றாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் செவ்வகங்களை இடம் மாற்றி வையுங்கள்.

மறந்துபோகும் மாறிகள்

மதிப்பெண்ணை ஒரு பொது மாறியில் வைத்துக் கூட்டிக்கொண்டே போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். ஓர் ஆண்டு விழா மேடையில் ஏழாவது கேள்வியில் ஏதோ ஒரு பிழை. பிழைப் பெட்டியில் எண்ட் என்று அழுத்தினேன். அடுத்த விடை ஸ்லைடில் மதிப்பெண் 1 என்று நின்றது. ஆறு சரியான விடை சொல்லிவிட்டு நின்ற அணித் தலைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கையாளப்படாத பிழை ஒன்று வந்து எண்ட் அழுத்தினால் மாறிகள் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். அன்று எனக்கு அது தெரியாது.

பவர்பாயின்ட்டில் இதற்கென்றே டேக் என்று ஒன்று இருக்கிறது. முழு ஃபைலுக்கும், ஒவ்வொரு ஸ்லைடுக்கும், ஒவ்வொரு வடிவத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகளை ஒட்டி வைக்கலாம். சீட்டுக்கு ஒரு பெயர், அதில் ஒரு மதிப்பு. ஒட்டுவதற்கு டேக்ஸுக்குப் பின் புள்ளி வைத்து ஆட். அதே பெயரில் மறுபடி ஒட்டினால் பழையது போய்ப் புதியது நிற்கும். இல்லாத சீட்டைக் கேட்டால் பிழை வராது, வெற்றுச் சரம்தான் (எழுத்தே இல்லாத மதிப்பு) வரும். அது பெரிய நிம்மதி.

கவனிக்க வேண்டியவை மூன்று. மதிப்பு எழுத்தாகத்தான் சேமிக்கப்படும். கூட்டும் முன் வேல் கட்டளையால் எண்ணாக்குங்கள். சீட்டின் பெயர் தானாகப் பெரிய எழுத்துக்கு மாறிவிடும். எல்லாச் சீட்டுகளையும் வரிசையாகப் படித்து ஒப்பிடும்போது இதை மறந்துவிடக் கூடாது. அப்புறம், ஃபைலைச் சேமித்தால் சீட்டும் சேர்ந்து சேமிக்கப்படும், நேற்றைய மதிப்பெண்ணோடு இன்றைய போட்டி தொடங்கும். அதனால் தொடக்கத்தில் துடைக்க வேண்டும்.

விடை மேக்ரோ இப்போது இப்படி ஓடும். சொடுக்கிய வடிவத்தின் ஸ்லைடை எடு. அந்த ஸ்லைடில் முடிந்தது என்ற சீட்டு வெறுமையாக இருந்தால் மட்டும் உள்ளே போ. முதலில் முடிந்தது சீட்டை ஒட்டு, வடிவத்தின் பெயர் சரி என்றால் ஃபைலின் மார்க் சீட்டில் ஒன்று கூட்டு. பிறகு எல்லா ஸ்லைடுகளிலும் மார்க் என்ற பெயருள்ள பெட்டியைத் தேடி அதில் புதிய எண்ணை எழுது. கடைசியாக ஸ்லைடு ஷோவின் வியூவிடம் கோட்டுஸ்லைடு கட்டளையில் அடுத்த ஸ்லைடு எண்ணைக் கொடு.

எல்லா ஸ்லைடிலும் எண்ணை எழுதுவது வீண் வேலைபோலத் தோன்றும். பத்துப் பதினைந்து பெட்டிதான், கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. இதனால் கிடைக்கும் பலன் பெரிது: எந்த ஸ்லைடுக்கு எப்படிப் போனாலும் அங்கே சரியான மதிப்பெண் ஏற்கெனவே எழுதியிருக்கும். ஸ்லைடு மாறியதை மேக்ரோ உணர வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

பெட்டியைத் தேடும்போது மார்க் என்ற பெயரை நேராகச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அந்தப் பெயர் இல்லாத ஸ்லைடில் பிழை வரும். ஒவ்வொரு வடிவத்தின் பெயரையும் வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

முப்பது வினாடி

எக்செல்லிலும் வேர்டிலும் ஆன்டைம் இருக்கிறது, பவர்பாயின்ட்டில் இல்லை. இதற்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் மாற்று, டைமர் என்ற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டூஈவென்ட்ஸோடு சுற்றிக்கொண்டிருக்கும் வளையம். ஓடும். ஆனால் ஷோவை நடுவில் எஸ்கேப் அடித்து முடித்தாலும் வளையம் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும், அடுத்த முறை ஷோ தொடங்கும்போது இரண்டு வளையங்கள் மோதும். வளையத்துக்குள் ஒவ்வொரு முறையும் ஸ்லைடு ஷோ விண்டோ இன்னும் திறந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டைமர் நள்ளிரவில் சுழியத்துக்குத் திரும்பும் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும்.

இன்னொரு மாற்று, விண்டோஸின் செட்டைமரை நேராகக் கூப்பிடுவது. அதன் அழைப்பில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் பவர்பாயின்ட் மொத்தமாக விழுந்துவிடும். 64 பிட் ஆபீஸில் அறிவிப்பு வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லும் வேண்டும். புதியவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

ஸ்லைடிடமே கடிகாரம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

1. கேள்வி ஸ்லைடில் டிரான்சிஷன்ஸ் டேபைத் திறங்கள். வலது ஓரத்தில் ஆன் மவுஸ் கிளிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஆஃப்டர் என்பதில் டிக் போட்டு 00:30 என்று கொடுங்கள்.

2. ஸ்லைடின் அடியில் நீளமாக ஒரு பட்டை வரையுங்கள். அனிமேஷன்ஸில் எக்ஸிட் பிரிவில் வைப் கொடுத்து, திசை வலப்பக்கத்திலிருந்து, ஸ்டார்ட் என்பதில் வித் ப்ரீவியஸ், டியூரேஷன் 30. முப்பது வினாடியில் பட்டை கரைந்து முடியும். எண்கள் ஓடுவதைவிட இது பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பதற்றமும் குறைவு.

3. விடை ஸ்லைடில் ஆஃப்டரை எடுத்துவிடுங்கள். அடுத்த கேள்விக்குப் போக ஒரு பொத்தான் வைத்து, ஆக்‌ஷனில் நெக்ஸ்ட் ஸ்லைடு கொடுங்கள். ஆசிரியர் விளக்கம் சொல்லி முடித்த பிறகு அவரே அழுத்தட்டும்.

4. ஸ்லைடு ஷோ டேபில் செட் அப் ஸ்லைடு ஷோ போய், பிரவுஸ்டு அட் எ கியோஸ்க் தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ் ஸ்லைட்ஸ் என்ற இடத்தில் யூசிங் டைமிங்ஸ் இருக்கட்டும். இனி வெற்றிடத்தில் சொடுக்கினாலோ ஸ்பேஸ் தட்டினாலோ ஸ்லைடு நகராது. பொத்தான்களும் நேரமும் மட்டும்தான் நகர்த்தும்.

நேரம் முடிந்தால் ஸ்லைடு தானாக விடைக்குப் போகும், மதிப்பெண் கூடாது. நேரத்துக்குள் சொடுக்கினால் மேக்ரோ விடைக்குக் கொண்டுபோகும், சரியென்றால் கூடும். கேள்வியும் விடையும் இரண்டிரண்டாக இருக்க வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். நேரத்துக்காக ஒரு வரி மேக்ரோகூட எழுதவில்லை பாருங்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஸ்லைடில் உள்ள அனிமேஷன்கள் மொத்தம் முப்பது வினாடியைத் தாண்டினால், அவை முடியும் வரை ஸ்லைடு காத்திருக்கும். கேள்வி மூன்று வினாடி பறந்து வந்து, அதன் பிறகு பட்டை தொடங்கினால் முப்பத்துமூன்று ஆகிவிடும்.

தானாகத் தொடங்கவைப்பது

எக்செல்லில் புத்தகம் திறந்ததும் ஓட ஒரு இடம் இருக்கிறது, வேர்டிலும் இருக்கிறது. பவர்பாயின்ட் ஃபைலுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. ஆட்டோஓப்பன் என்று பெயர் வைத்தாலும் சாதாரண ஃபைலில் அது ஓடாது, ஆட்-இன்னில் (பவர்பாயின்ட்டோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி) மட்டும்தான் ஓடும்.

நான் எப்போதும் செய்வது முதல் ஸ்லைடில் தொடங்கு என்று பெரிய பொத்தான் வைப்பது. அதன் மேக்ரோ மார்க் சீட்டைச் சுழியமாக்கும், எல்லா ஸ்லைடிலும் முடிந்தது சீட்டை வெறுமையாக்கும், மார்க் பெட்டிகளில் 0 எழுதும், இரண்டாவது ஸ்லைடுக்குப் போகும். யாரோ ஒருவர் எப்படியும் ஒரு முறை சொடுக்கித்தான் போட்டியைத் தொடங்கப் போகிறார். அந்தச் சொடுக்கையே பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஒவ்வொரு ஸ்லைடு மாற்றத்திலும் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் ஆன்ஸ்லைடுஷோபேஜ்சேஞ்ச் என்ற பெயரில் ஒரு மேக்ரோ எழுதலாம். ஸ்லைடு ஷோ விண்டோ வகையில் ஒரு மாறி அதற்கு வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்துப் பவர்பாயின்ட் தானே கூப்பிடும். பெயர் நாம் தட்டுவது என்பதால் எடிட்டர் எழுத்துப் பிழையைக் காட்டித் தராது, ஓர் எழுத்து தவறினாலும் சத்தமில்லாமல் ஓடாமல் இருக்கும். அப்புறம் இன்னொரு விநோதம்: ஃபைலைத் திறந்து நேராக ஷோவுக்குப் போனால் சில நேரம் இது ஓடாது, ஏனென்றால் மேக்ரோ பகுதியே அதுவரை விழித்திருக்காது. தொடங்கு பொத்தான் இருந்தால் முதல் சொடுக்கில் விழித்துவிடும். பொத்தான் வேண்டாம் என்றால் முதல் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு ஆக்டிவ்எக்ஸ் லேபிளை வைத்து எழுப்பலாம்.

எல்லா ஃபைலுக்கும் பொதுவான கருவி செய்கிறீர்கள் என்றால் ஆட்-இன் வழி. பிபிடிஎம்மை பிபிஏஎம் வகையில் இன்னொரு முறை சேமித்து, ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸ் பகுதியில் பவர்பாயின்ட் ஆட்-இன்ஸ் என்று தேர்ந்தெடுத்துச் சேருங்கள். பிபிஏஎம்மைத் திறந்து திருத்த முடியாது. மூல பிபிடிஎம்மை அழித்துவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இருக்காது. ஆட்-இன்னுக்குள் இருக்கும் மேக்ரோக்கள் ஆல்ட்டுடன் எஃப்8 அழுத்தினால் வரும் மேக்ரோ பட்டியலிலும் தெரியாது. அவற்றைக் கூப்பிட ரிப்பனில் பொத்தான் செய்துகொள்ள வேண்டும்.

கேள்விக்குறிகளாகும் தமிழ்

"அண்ணா, மெசேஜ்ல சரியான விடைன்னுதான் அடிச்சேன், இப்படி வருது" என்று ஓர் ஆசிரியை படம் அனுப்பியிருந்தார். ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தால் காரணம் அதிலேயே இருக்கிறது. சரியான என்பது கணினிக்கு ச, ர, இகரக் கொக்கி, ய, ஆகாரக் கால், ன என்று ஆறு குறிகள். விடை நான்கு. ஒவ்வொரு குறியையும் எடிட்டர் தனக்குத் தெரியாதென்று கேள்விக்குறியாக மாற்றியிருக்கிறது. இந்த எடிட்டர் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனி எண் தரும் முறை) பரவுவதற்கு முந்தைய காலத்து வார்ப்பு. செய்தி காட்டும் எம்எஸ்ஜிபாக்ஸும் பதில் கேட்கும் இன்புட்பாக்ஸும்கூட அப்படித்தான்.

ஆனால் மேக்ரோ மொழியின் உள்ளே ஓடும் சரங்கள் யூனிகோடுதான். தமிழை எடிட்டரில் தட்டத்தான் முடியாதே தவிர, வாங்கிக் கொண்டுபோய் வைக்க முடியும்.

குறி எண்களைக் கொண்டு எழுதுவது ஒரு வழி. சிஎச்ஆர்டபிள்யூ கட்டளைக்கு 2949 கொடுத்தால் அ வரும். தமிழ் என்ற சொல்லுக்கு 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்களைக் கோக்க வேண்டும். ஒரு சொல்லுக்குச் சரி, ஒரு வாக்கியத்துக்கு யாராலும் முடியாது.

நான் செய்வது இது. கடைசியில் ஒரு ஸ்லைடு சேர்த்து, வலது சொடுக்கில் ஹைட் ஸ்லைடு கொடுத்து மறைத்துவிடுவேன். மேக்ரோவுக்குத் தேவையான தமிழ் வரிகளை அதில் தனித்தனிப் பெட்டிகளில் தட்டி, பெட்டிகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பேன். அருமை, மறுபடி முயலுங்கள், நேரம் முடிந்தது என்று எதுவானாலும் மேக்ரோ அந்தப் பெட்டியின் உரையை எடுத்து வேண்டிய இடத்தில் வைக்கும். பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போகும் தமிழ் சிதையாது. மெசேஜ் பெட்டிக்குப் பதிலாக ஸ்லைடிலேயே ஒரு வடிவத்தில் காட்டுவதுதான் மேடைக்கும் அழகு. மதிப்பெண் என்ற சொல்லைக் கையால் ஒரு பெட்டியில் தட்டிவிட்டு, எண்ணுக்கு மட்டும் பக்கத்தில் தனிப் பெட்டி வையுங்கள். மேக்ரோ தமிழைத் தொடவே வேண்டாம்.

கேள்விகள் நிறைய இருந்தால் எக்செல்லில் தட்டி அங்கிருந்து மேக்ரோவால் ஸ்லைடுக்குக் கொண்டுவரலாம், தமிழ் ஒழுங்காக வரும். நோட்பேட் ஃபைலிலிருந்து படிப்பதாக இருந்தால் வழக்கமான ஓப்பன் கட்டளை தமிழைக் குழப்பிவிடும். ஏடிஓடிபி ஸ்ட்ரீம் என்பதைக் கொண்டு, எழுத்துமுறையாக யுடிஎஃப்-8 கொடுத்துப் படியுங்கள்.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல். ஃபான்ட்டின் நேமை மேக்ரோவில் மாற்றுவீர்கள், ஆங்கில எழுத்துகள் மாறும், தமிழ் அசையாது. பவர்பாயின்ட் தமிழை வேறு வகை எழுத்துமுறையாகக் கணக்கு வைக்கிறது. அதற்கான எழுத்துரு நேம்காம்ப்ளெக்ஸ்ஸ்கிரிப்ட் என்ற தனி இடத்தில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, உங்களுக்கு ஒரு நிமிடத்தில் முடியட்டும்.

எக்செல்லிலிருந்து ஓட்டும்போது

நூறு ஸ்லைடுகளைத் தானாக உருவாக்குவதுபோன்ற வேலைகளுக்கு மேக்ரோவை எக்செல்லில் எழுதி, அங்கிருந்து பவர்பாயின்ட்டை ஓட்டுவதே நல்லது. ஆன்டைம், ரெக்கார்டர் எல்லாம் அங்கே கிடைக்கும். பவர்பாயின்ட்டில் திரை மாறுவதை நிறுத்திவைக்கும் ஸ்கிரீன்அப்டேட்டிங் இல்லாததால் திரை துடித்துக்கொண்டே இருக்கும். ஃபைலைத் திறக்கும்போது வித்விண்டோ என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால் விண்டோ இல்லாமலே திறக்கும், வேகமும் கூடும். ஒன்றை மறக்காதீர்கள்: பவர்பாயின்ட் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓடும். புதிதாக ஒன்றைத் திறக்கச் சொன்னாலும் ஏற்கெனவே திறந்திருப்பதுதான் கையில் வரும். வேலை முடிந்ததும் க்விட் கொடுத்தால் பயனர் திறந்து வைத்திருந்தவையும் சேர்ந்து மூடும். வேறு ஃபைல்கள் திறந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது

2022 முதல், மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த ஃபைலின் மேக்ரோக்களை ஆபீஸ் நேராகத் தடுத்துவிடுகிறது. முன்பிருந்ததுபோல் எனேபிள் பொத்தான் வராது. ஃபைலின் மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் அடியில் உள்ள அன்பிளாக்கில் டிக் போட்டு, பிறகு திறக்க வேண்டும். நீங்களே எழுதிய, நீங்களே கொண்டுவந்த ஃபைலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லா மேக்ரோவையும் அனுமதி என்ற அமைப்பைப் பள்ளிக் கணினியில் ஒருபோதும் மாற்றாதீர்கள். நீங்கள் போன பிறகும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். அடிக்கடி தேவைப்படும் என்றால் ஒரு ஃபோல்டரை மட்டும் டிரஸ்டட் லொகேஷன்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிபிஎஸ்எம் வகையில் ஒரு நகல் சேமித்தால், சொடுக்கியதும் நேராக ஷோ திறக்கும். மேடையில் அது வசதி.

அத்தோடு மேக்ரோ இல்லாத பிபிடிஎக்ஸ் நகல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விடைப் பொத்தான்கள், தொடங்கு பொத்தான் ஆகியவற்றின் ஆக்‌ஷனை மட்டும் ரன் மேக்ரோவிலிருந்து நெக்ஸ்ட் ஸ்லைடுக்கு மாற்றிவிடுங்கள். நேரமும் பட்டையும் விடை ஸ்லைடும் ஸ்லைடிலேயே இருப்பதால், மேக்ரோவைத் தடுத்துவிட்ட கணினியிலும் அப்படியே ஓடும். ஓடாதது மதிப்பெண் மட்டும்தான். அதைக் கரும்பலகையில் எழுத ஒரு மாணவியை நிறுத்திக்கொள்ளலாம்.